தும்பைக்கு நெருங்கிய சொந்தம் துளசியா, குமிழ மரமா? புதினாக் குடும்பத்தை மரபணு ஆய்வு மறுபடி அடுக்கிய விதம்: முழுமையான வழிகாட்டி

தேக்கு எந்தக் குடும்பம் என்று தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தாவரவியல் படிக்கும் மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பென்தம்–ஹூக்கர் வகைப்பாட்டை மனப்பாடம் செய்தவர் வெர்பினேசி என்பார். கைபேசியில் தேடிப் பார்த்தவர் லேமியேசி என்பார், அதாவது புதினா, துளசியின் குடும்பம். இருவருமே எங்கோ படித்ததைத்தான் சொல்கிறார்கள். முதல் பதில் எப்படி வந்தது, அது ஏன் மாறியது, மாறிய பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதை விளக்கத்தான் இந்த வழிகாட்டி. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, சவரப் பிளேடு ஒன்று, இணைய இணைப்புள்ள கணினி ஒன்று இருந்தால் போதும்.

படி 1: பத்துச் செடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பாடத்துக்கு வேண்டிய செடிகள் எல்லாமே இந்த இரண்டு மாவட்டங்களில் கிடைக்கின்றன. ஓசூர், இராயக்கோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு வரும் புதினாவில் ஒரு கட்டு. வீட்டு மாடத்தில் துளசி, தொட்டியில் கற்பூரவல்லி. மழைக்குப் பிறகு வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும் தும்பை. சின்னாற்றங்கரையிலோ தோட்ட வேலியிலோ நொச்சி. காட்டோரத்துக் கரட்டு நிலத்தில் பேய்மிரட்டியும் நிலக்குமிழும். வயல் ஓரத்தில் நட்ட தேக்கு. ஈரம் கசியும் வாய்க்கால் ஓரத்தில் தரையோடு படரும் பொடுதலை. கடைசியாக உண்ணிச்செடி. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்குள் எங்கே திரும்பினாலும் அதுதான் முன்னால் நிற்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள்ளும் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள்ளும் அனுமதியில்லாமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. மேலே சொன்ன பத்தும் ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் கிடைப்பவைதான்.

ஒவ்வொன்றிலும் பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து எடுங்கள். பூவில்லாத கிளையை வைத்துக்கொண்டு குடும்பம் பேசுவது வீண்வேலை.

படி 2: பழைய அறிஞர்கள் பார்த்ததை நீங்களும் பாருங்கள்

முதலில் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். புதினா, துளசி, தும்பை மூன்றின் தண்டும் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக அமைந்திருக்கும். கசக்கினால் பெரும்பாலும் மணம் வரும். பூவின் இதழ்கள் ஒன்றாக இணைந்து மேலுதடு, கீழுதடு என்று பிரிந்திருக்கும்.

புதினாக் குடும்பத்துக்குப் பழைய நூல்கள் தரும் அடையாளங்கள் இவைதான். ஆனால் இதே கண்ணோடு உண்ணிச்செடியைப் பாருங்கள். நான்கு பட்டைத் தண்டு, எதிர் இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை, இணைந்த இதழ் எல்லாம் அதிலும் உண்டு. இருந்தும் அது புதினாக் குடும்பம் அல்ல. தேக்கின் இளங்கிளையையும் உருட்டுங்கள்: அதுவும் நான்கு பட்டைதான், ஆனால் அதன் பூவில் உதடுகளே இல்லை. வெள்ளையாக, ஐந்தாறு சம இதழ்களோடு, ஐந்தாறு மகரந்தத்தாள்களோடு வட்டமாக இருக்கும். இன்று அது புதினாக் குடும்பத்தில் இருக்கிறது. வெளித்தோற்றம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

பழையவர்கள் முக்கியமாக நம்பியது பூவின் அடியில் இருக்கிறது. தும்பையில் வாடத் தொடங்கிய ஒரு பூவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அல்லியை மெல்ல உருவினால் கையோடு வந்துவிடும். எஞ்சியிருக்கும் பச்சைப் புல்லிக் குழாயைப் பிளேடால் நெடுக்காகக் கீறி விரித்து, அடியை லென்ஸில் பாருங்கள். சூலகப்பை முழு உருண்டையாக இல்லாமல் நான்கு சிறு மேடுகளாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். சூலகத்தண்டு அவற்றின் உச்சியிலிருந்து கிளம்பாது. நான்குக்கும் நடுவே, அடியிலிருந்து எழுந்து வரும். நாளடைவில் அந்த நான்கும் நான்கு சிறு கொட்டைகளாக முற்றி, ஒவ்வொன்றாக உதிரும். காய்ந்த துளசிக் கதிரை உள்ளங்கையில் தேய்த்தால் விழுபவையும் இவைதான். கடையில் சப்ஜா விதை என்று வாங்குவது திருநீற்றுப்பச்சிலையின் இதே கொட்டை. சியா விதையும் அப்படித்தான். இரண்டும் தண்ணீரில் வழவழப்பாக ஊறுவது தற்செயல் அல்ல, இரண்டும் இக்குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை.

இப்போது நொச்சிப் பூவைக் கீறுங்கள். சூலகப்பை பிளவில்லாத உருண்டை, தண்டு அதன் உச்சியில். காய் மிளகு போன்று சிறிய கருநிற உருண்டை. தேக்கிலும் தண்டு உச்சியில்தான். அதன் காயைச் சுற்றிப் புல்லி காகிதப் பை போல ஊதிப் பெருத்திருக்கும்.

படி 3: பழைய பிரிவினையைப் புரிந்துகொள்ளுங்கள்

அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் இரண்டு நூற்றாண்டு வகைப்பாடு நின்றது. நான்காகப் பிளந்து, தண்டு அடியிலிருந்து எழுந்தால் லேபியேட்டே, அதாவது இன்றைய லேமியேசி. பிளவில்லாமல் தண்டு உச்சியில் இருந்தால் வெர்பினேசி. 1832 முதல் 1836 வரை வெளியான தன் பெரும் நூலில் உதட்டுமலர்ச் செடிகளை உலகளவில் தொகுத்த ஜார்ஜ் பென்தம், பின்னாளில் ஜோசஃப் ஹூக்கருடன் சேர்ந்து இரண்டு குடும்பங்களையும் அடுத்தடுத்து வைத்தார். சென்னை மாகாணத் தாவரங்களுக்கு கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த நூலும் அதே வழியில் சென்றது. நம் கல்லூரிப் பாடமும் அங்கேயே நின்றுவிட்டது.

பென்தமைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இவ்வளவு ஒழுங்காக அடுக்கியது பெரிய காரியம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. "தண்டு உச்சியில் இருக்கிறது" என்பது மூதாதையிடமிருந்து மாறாமல் வந்த பழைய நிலை. பழையதை மாற்றாமல் வைத்திருப்பவை எல்லாம் ஒரே வம்சம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருப்பதாலேயே எல்லோரும் ரத்த உறவு ஆகிவிடுவதில்லை அல்லவா? வெர்பினேசி அப்படிப்பட்ட ஒரு கார்டாக இருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது மரபணு ஆய்வு என்று நினைத்தால் தவறு. சுவீடனின் ஸ்வென் யுனெல் 1934இலேயே சூலகத்தின் உள்ளமைப்பை அறுத்துப் பார்த்து, வெர்பினேசியில் உள்ள பல பேரினங்கள் உண்மையில் லேபியேட்டே பக்கம் சேர்பவை என்று காட்டினார். 1945இல் குன்னார் எர்ட்மன் மகரந்தத்தைப் பார்த்தார். துளசி, புதினா வகையறாவின் மகரந்தத்தில் ஆறு பள்ளங்கள், தும்பை வகையறாவில் மூன்று. இரண்டும் வெவ்வேறு கூட்டம் என்ற ஐயம் அங்கிருந்தே தொடங்கியது. 1992இல் கான்டினோவும் ஹார்லியும் வாக்ஸ்டாஃபும் வடிவப் பண்புகளைக் கணக்கிட்டே தேக்கு, நொச்சி, குமிழ் போன்ற பேரினங்களைப் புதினாக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். மரபணு வந்து தீர்ப்பை உறுதி செய்தது. சில இடங்களில் திருத்தியும் எழுதியது.

படி 4: மரபணு ஆய்வில் என்ன நடக்கிறது என்று அறியுங்கள்

இலையைப் பறித்தவுடன் சிலிக்கா ஜெல்லில் போட்டு வேகமாக உலர்த்துகிறார்கள். டிஎன்ஏ சிதையாமல் இருக்க இது எளிய வழி. பிறகு சிடிஏபி என்னும் ரசாயனக் கரைசலில் அரைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். இக்குடும்பத்தில் இது கொஞ்சம் மல்லுக்கட்டும் வேலைதான். நாம் விரும்பும் அந்த வாசனை எண்ணெயும் துவர்ப்புப் பொருள்களும் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அதனால் முற்றிய இலையைவிடத் தளிரை எடுப்பது நல்லது.

பிறகு சில குறிப்பிட்ட மரபணுக்களை பிசிஆர் முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். தொடக்கத்தில் பெரிதும் பயன்பட்டது பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் (rbcL) என்ற மரபணு. ஒளிச்சேர்க்கைக்கு அடிப்படையான ரூபிஸ்கோ நொதியின் பெரிய பகுதியை உருவாக்குவது இதுதான். எல்லாப் பச்சைத் தாவரத்திலும் இருப்பதால் தேக்கையும் துளசியையும் ஒரே வரியில் வைத்து ஒப்பிட முடிகிறது. நீளம் 1,400 எழுத்துகளுக்குச் சற்று மேல். மாற்றம் மெதுவாக நிகழ்வதால் குடும்பங்களுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க ஏற்றது, நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கப் போதாது. அதற்கு வேகமாக மாறும் மேட்கே, உட்கருவில் உள்ள ஐடிஎஸ் போன்ற பகுதிகள் தேவை.

வாக்ஸ்டாஃபும் ரிச்சர்டு ஓல்ம்ஸ்டெட்டும் 1997இல் வெளியிட்ட ஆர்பிசிஎல் ஆய்வு இந்தக் குடும்பங்களின் திருப்புமுனைகளில் ஒன்று. அதன் பிறகு ஒரு மரபணுவிலிருந்து பல மரபணுக்களுக்கும், பசுங்கணிகத்தின் முழுத் தொகுப்புக்கும் போய்விட்டார்கள். 2021இல் வெளியான விரிவான வகைப்பாடு பசுங்கணிகத்தின் 79 மரபணுக்களை ஒப்பிட்டு, குடும்பத்தை 12 துணைக்குடும்பங்களாகவும் 22 பிரிவுகளாகவும் வகுத்தது. உட்கருப் பக்கமும் வேலை நடக்கிறது: துளசியின் முழு மரபுத்தொகுதி வரைவை 2015இல் லக்னோ, பெங்களூரு என இரண்டு இந்தியக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. தேக்கின் வரைவை 2018இல் கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனத்தினர் வெளியிட்டார்கள்.

படி 5: பரிணாம மரத்தைப் படிக்கப் பழகுங்கள்

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். நிதானமாகப் போகலாம்.

மரத்தின் நுனிகளில் செடிகளின் பெயர்கள் இருக்கும். எந்த இரண்டு பெயர் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். கிளைகளைக் கணுவில் சுழற்றி எழுதினாலும் மரம் அதே மரம்தான். பார்க்க வேண்டியது, இரண்டு நுனிகளிலிருந்து உள்நோக்கிப் போனால் எந்தக் கணுவில் சந்திக்கின்றன என்பது. சந்திக்கும் கணு எவ்வளவு அண்மையதோ அவ்வளவு நெருங்கிய உறவு.

இரண்டாவது, ஒரு குழுவுக்குப் பெயர் வைக்கும் விதி. ஒரு மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும் உள்ளே இருந்தால்தான் அந்தக் குழு செல்லும். சிலரை வெளியே விட்டாலும், வேறு வம்சத்தாரை உள்ளே சேர்த்தாலும் செல்லாது. இந்த விதியை வெர்பினேசியின் மேல் வைத்தபோதுதான் அது உடைந்தது. உண்ணிச்செடி, பொடுதலை, சீமை நாயுருவி, டுராண்டா ஆகியவை ஒரு கிளையில் நின்றன. தேக்கு, நொச்சி, குமிழ், முன்னை எல்லாம் புதினா, தும்பை நிற்கும் மற்றொரு கிளைக்குள் சிதறிக் கிடந்தன. வெர்பினேசியின் பெரும்பாலான பேரினங்கள் இடம் பெயர்ந்தன. இப்போது எஞ்சியிருப்பது சுமார் 1,000 சிற்றினங்கள்தான். லேமியேசியோ 7,000த்தைத் தாண்டிவிட்டது. அலையாத்திக் காட்டு மரமான கண்டல் வகை அவிசென்னியாவைக்கூடச் சிலர் வெர்பினேசியில் வைத்திருந்தார்கள். அது ஆடாதோடை இருக்கும் அகேந்தேசிக்குப் போய்விட்டது.

மூன்றாவது, கணுக்களில் எழுதியிருக்கும் எண். பூட்ஸ்ட்ராப் மதிப்பு என்பார்கள். தரவிலிருந்து எழுத்துகளைத் தற்செயலாகப் பொறுக்கி எடுத்து மீண்டும் மீண்டும் மரம் கட்டினால் நூற்றுக்கு எத்தனை முறை அதே கணு வருகிறது என்ற கணக்கு. 95, 100 என்றால் தரவு அந்தக் கணுவை உறுதியாகத் தாங்குகிறது. 50, 60 என்றால் அந்தக் கணுவின் மேல் பெயர் மாற்றம் எதையும் கட்டாதீர்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன். இந்த மரத்தில் தும்பையையும் துளசியையும் தேடுங்கள். இரண்டும் மணமுள்ள சிறு செடிகள், இரண்டிலும் உதட்டுப்பூ, இரண்டிலும் நான்கு கொட்டை. ஆனால் இரண்டும் சந்திக்கும் கணு குடும்பத்தின் ஆழத்தில் இருக்கிறது. தும்பை நிற்கும் பெருங்கிளைக்குள்ளேயே, அதைவிட அண்மையில், குமிழ மரம் நிற்கிறது. சிறுதேக்கும் முன்னையும் அங்கேதான். ஆக, தும்பைக்குத் துளசியைவிடக் குமிழ மரமே நெருங்கிய உறவு. குமிழின் காய் சதைப்பற்றுள்ள உருண்டை. நான்கு கொட்டை அதில் இல்லை. அப்படியானால் துளசியின் நான்கு கொட்டையும் தும்பையின் நான்கு கொட்டையும் ஒரே மூதாதை கொடுத்த சொத்து அல்ல, தனித்தனியே இரண்டு முறை தோன்றியவை. இரண்டு நூற்றாண்டாகக் குடும்பத்தின் முத்திரை என்று நம்பிய பண்பு அது!

நம்ப முடியவில்லை என்றால் கவிழ்தும்பையை எடுத்துப் பாருங்கள். அதன் பூ அடியிலும் நான்கு கொட்டை, நடுவே தண்டு. ஆனால் அது, பல குடும்பங்கள் சேர்ந்த பெருந்தொகுப்பான புதினா வரிசையிலேயே இல்லாத போராஜினேசி. பூ ஐந்து சம மடல்களோடு இருக்கும், உதடு கிடையாது. ஆக, மூன்றாவது முறையும் அதே அமைப்பு தோன்றியிருக்கிறது.

படி 6: உங்கள் செடிகளைத் துணைக்குடும்பங்களில் வையுங்கள்

12இல் நமக்கு உடனே தேவைப்படுபவை ஆறு. துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, சியா, ரோஸ்மேரி ஆகியவை நெப்பட்டாய்டே. சமையலறை வாசனையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. தும்பை, பேய்மிரட்டி, பச்சிலை என்னும் பச்சௌலி மூன்றும் லேமியாய்டே. சிறுதேக்கும் பீச்சங்கும் அஜுகாய்டே. நொச்சி விட்டிகாய்டே. குமிழ், நிலக்குமிழ், முன்னை பிரெம்னாய்டே. தேக்குக்கு டெக்டோனாய்டே என்று ஒரு தனி வீடே கொடுத்துவிட்டார்கள்.

குமிழின் பயணத்தைக் கவனியுங்கள். 2004இல் ஹார்லி குழுவினர் அதை நொச்சியோடு ஒரே துணைக்குடும்பத்தில் வைத்தார்கள். தேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல், இடம் தீராத பத்துப் பேரினங்களில் ஒன்றாக விட்டார்கள். 2016இல் போ லி குழுவினர் பசுங்கணிக மரபணுக்களை விரிவாக ஒப்பிட்டுக் குமிழையும் முன்னையையும் நொச்சியிடமிருந்து பிரித்தார்கள். அடுத்த ஆண்டு தேக்குக்குத் தனித் துணைக்குடும்பம் பெயரிடப்பட்டது. "தெரியவில்லை" என்று 2004இல் எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். பாடநூல்கள் அந்த வார்த்தையை அச்சிடவே கூச்சப்படுகின்றன.

வேதியியலும் இந்த மரத்தோடு ஒத்துப்போகிறது. இக்குடும்பத்தின் பல கிளைகளில் இரிடாய்டு என்ற தற்காப்புப் பொருள்கள் உண்டு. நெப்பட்டாய்டேயின் மூதாதை அவற்றை உண்டாக்கும் திறனை இழந்துவிட்டது. பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்மிண்ட் செடியில் மட்டும் அத்திறன் மறுபடி தோன்றியது என்பதை 2020இல் வெளியான மரபுத்தொகுதி ஆய்வு காட்டியது. ஒரு செடியின் மருந்துச் சரக்கு அதன் சொந்தக்காரச் செடியிலும் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மரபணு இல்லாமலே களத்தில் இரு குடும்பங்களையும் பிரிக்க ஒரு வழி உண்டு: பூ மலரும் வரிசை. உண்ணிச்செடியின் பூங்கொத்தில் வெளி வட்டம் முதலில் மலரும், பிறகு உள்நோக்கி. கொத்தின் நடு தொடர்ந்து வளரும் ரெசிமோஸ் வகை அது. நொச்சிக் கதிரில் மூன்று மொட்டு சேர்ந்த சிறு கொத்து ஒன்றை லென்ஸில் பாருங்கள். நடு மொட்டு முதலில் விரிந்து, இரண்டு பக்கமும் காத்திருக்கும். சைமோஸ் வகை. வெர்பினேசி ரெசிமோஸ், லேமியேசி சைமோஸ். சூலகத்தண்டு சொல்லாததை இது சொல்லிவிடுகிறது.

படி 7: பேரினப் பெயர் மாற்றங்களைப் பிரித்தறியுங்கள்

எல்லாப் பெயர் மாற்றமும் மரபணுவால் வந்ததல்ல. துளசியை ஓசிமம் சாங்டம் என்று எழுதிப் பழகியவர்கள் இன்று ஓசிமம் டென்யுஃபுளோரம் என்று பார்த்துத் திகைக்கிறார்கள். இதில் டிஎன்ஏவுக்குப் பங்கில்லை. இரண்டு பெயரும் லின்னேயஸ் வைத்தவை. டென்யுஃபுளோரம் 1753, சாங்டம் 1767. முந்திய பெயருக்கே முதலிடம் என்ற விதி, அவ்வளவுதான். ராமதுளசி, கிருஷ்ணதுளசி இரண்டும் ஒரே சிற்றினம் என்பதும் பழைய செய்திதான்.

சிறுதேக்கின் கதை வேறு. கிளெரோடெண்டிரம் என்ற பெரிய பேரினத்தை மரபணு வழியாகப் பார்த்தபோது அது ஒரே வம்சமாக இல்லை. அதனால் சிறுதேக்கு 1998இல் ரோத்தெகா செர்ராட்டா ஆனது, கடலோரப் பீச்சங்கு வோல்கமேரியா இனெர்மிஸ் ஆனது. சித்த மருந்துப் பட்டியல்களில் பழைய பெயரே தொடர்கிறது. இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கற்பூரவல்லி நம்மை மிகவும் அலைக்கழித்துவிட்டது. 1790இல் லூரெய்ரோ அதற்குக் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்று பெயரிட்டார். 1825இல் ஷ்ப்ரெங்கல் பிளெக்ட்ராந்தஸுக்கு மாற்றினார். பென்தம் மறுபடி கோலியஸ் என்றார். மகரந்தத்தாள்களின் காம்பு அடியில் இணைந்திருந்தால் கோலியஸ், தனித்தனியாக இருந்தால் பிளெக்ட்ராந்தஸ் என்பது அவர்கள் கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பண்பு நம்பத் தக்கதல்ல என்று சொல்லி எல்லாவற்றையும் பிளெக்ட்ராந்தஸில் கொட்டினார்கள். 2019இல் ஆலன் பேட்டன் குழுவினர் மரபணுச் சான்றை வைத்து அந்தக் குவியலைக் கோலியஸ், பிளெக்ட்ராந்தஸ், ஈக்விலேபியம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். கற்பூரவல்லி 1790ஆம் ஆண்டுப் பெயருக்கே திரும்பியது. சேலம் பக்கம் கிழங்குக்காகப் பயிரிட்ட மருந்துக் கூர்க்கனும் கோலியஸ் பார்பேட்டஸ்தான். தொட்டிச் செடியாக விற்கும் வண்ண இலைக் கோலியஸைக் கடைக்காரர்கள் கோலியஸ் என்று அழைப்பதை விடவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஜெயித்தது அவர்கள்தான்.

ரோஸ்மேரியின் மாற்றம் உலகெங்கும் முணுமுணுப்பைக் கிளப்பியது. 2004இல் வாக்கர் குழுவினர் சால்வியா பேரினம் ஒரே வம்சமாக இல்லை என்றார்கள். ரோஸ்மேரியும் இன்னும் நான்கு சிறு பேரினங்களும் அதன் கிளைகளுக்கு நடுவே நின்றன. இங்கே இரண்டு வழி. சால்வியாவைப் பல துண்டாக்கி நூற்றுக்கணக்கான சிற்றினங்களுக்குப் புதுப்பெயர் வைக்கலாம், அல்லது ஐந்து சிறு பேரினங்களின் 15 சிற்றினங்களை மட்டும் சால்வியாவுக்குள் இழுத்துக்கொள்ளலாம். 2017இல் ட்ரூ குழுவினர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோஸ்மேரி இப்போது சால்வியா ரோஸ்மரைனஸ். இரண்டு வழியும் மரத்துக்குப் பொருந்துபவைதான். எங்கே கோடு போடுவது என்பதில் மனிதர்களின் வசதி நுழைகிறது, நுழையவும் வேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்களை மாற்றுவதைவிடப் பதினைந்தை மாற்றுவது மேல் என்பதே என் கருத்து. ஜெர்மனியில் சிலர் பிரிக்கும் வழியையே விரும்பினார்கள்.

படி 8: மரங்கள் முரண்படும் இடத்தில் நிதானியுங்கள்

பசுங்கணிகம் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய் வழியாக மட்டுமே வருகிறது. அதை மட்டும் படித்தால் தாய்வழிக் கதைதான் தெரியும். புதினாப் பேரினத்தில் இது பெரிய தொல்லை. பெப்பர்மிண்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்டும் கலந்த கலப்பினம். அந்த ஸ்பியர்மிண்டே வேறு இரண்டு புதினாக்களின் கலப்பில் பிறந்தது. இதைக் கிளை பிரியும் மரமாக வரைந்தால் பாதி வரலாறு விடுபடும். கிளைகள் மறுபடி இணையும் வலையாகத்தான் வரைய வேண்டும். சந்தைப் புதினாவுக்கு ஒரே ஒரு மரபணுவை வைத்துப் பெயர் சொல்லும் அறிக்கையைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

அதனால்தான் உட்கரு மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்படுகின்றன. பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொதுவான 353 உட்கரு மரபணுக்களைப் பிடிக்கும் முறை 2019 முதல் கிடைக்கிறது. செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைத்த உலர்தாவரத் தாள்களிலிருந்தே பெரும்பாலும் வேலை நடக்கும். உண்ணிச்செடியின் பேரினமான லாண்டானாவும் லிப்பியாவும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதால், வெர்பினேசிக்குள்ளும் பெயர்கள் இன்னும் நகரும்.

படி 9: நீங்களே ஒரு மரம் கட்டிப் பாருங்கள்

ஒரு மதியம் போதும். அமெரிக்காவின் ஜென்பேங்க் தரவுத்தளம் இலவசம். துளசி, புதினா, தும்பை, நொச்சி, குமிழ், தேக்கு, சிறுதேக்கு, உண்ணிச்செடி, பொடுதலை ஆகியவற்றின் அறிவியல் பெயரையும் ஆர்பிசிஎல் என்ற மரபணுப் பெயரையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தேடி, ஃபாஸ்டா என்னும் எளிய உரைக்கோப்பு வடிவில் இறக்குங்கள். சரியான சிற்றினம் கிடைக்காவிட்டால் அதே பேரினத்தில் வேறொன்றை எடுக்கலாம். புறக்குழுவாக மல்லிகையைச் சேருங்கள். இதே வரிசையில் மிக முன்பே பிரிந்துபோன குடும்பம் என்பதால் மரத்துக்கு வேர் வைக்க வசதி.

ஒவ்வொரு பதிவிலும் உலர்தாவரத் தாளின் எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். தாள் எண் இல்லாத பதிவில் செடியின் பெயரே தவறாக இருந்தாலும் சரிபார்க்க வழியில்லை.

மெகா என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்து, மஸ்கிள் முறையில் வரிசைப்படுத்துங்கள். இரண்டு முனைகளிலும் பாதிச் செடிகளுக்கு எழுத்தில்லாத பகுதியை வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு செடி மட்டும் எதோடும் பொருந்தாமல் சிதறித் தெரிந்தால், அந்த வரிசை எதிர்த்திசையில் பதிவாகியிருக்கலாம்; திருப்பிப் போட்டு மறுபடி வரிசைப்படுத்துங்கள். பிறகு தரவுக்கு மிகப் பொருத்தமான மரத்தைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் முறையில், எழுத்து மாற்றங்களைக் கணக்கிடும் ஜிடிஆர் மாதிரியுடன், 1,000 பூட்ஸ்ட்ராப் கொடுத்து மரம் கட்டுங்கள்.

உண்ணிச்செடியும் பொடுதலையும் தனிக் கிளையாக விலகி நிற்பதையும், தேக்கும் நொச்சியும் மற்றக் கிளையில் சேர்வதையும் பெரும்பாலும் காண்பீர்கள். உள்கணுக்களின் எண்கள் பலவீனமாக இருக்கும். ஒற்றை ஆர்பிசிஎல்லுக்கு அவ்வளவு சக்தி இல்லை. மேட்கேயையும் சேர்த்துக் கட்டி, எந்த எண் உயர்கிறது என்று ஒப்பிடுங்கள். சொல்லப்போனால் முதல் மரத்தைவிட இந்த ஒப்பீட்டில்தான் கற்பதற்கு அதிகம் இருக்கிறது.

படி 10: பெயரைச் சரிபார்த்துச் சீட்டு எழுதுங்கள்

இன்றைய ஏற்கப்பட்ட பெயருக்கு கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன் தளத்தையும் வேர்ல்டு ஃப்ளோரா ஆன்லைன் தளத்தையும் பாருங்கள். இரண்டும் மாறுபட்டால் எதைப் பின்பற்றினீர்கள் என்று குறிப்பிடுங்கள். கல்லூரித் தேர்வில் பென்தம்–ஹூக்கர் கேட்டால் அதன்படியே விடை எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் இன்றைய குடும்பத்தைச் சேர்க்கலாம். எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார் என்று நம்புவோம்.

செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டும் தாளில் பழைய சீட்டைக் கிழித்து எறியாதீர்கள். புதிய பெயரை வேறொரு சிறு சீட்டில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: ரோத்தெகா செர்ராட்டா, லேமியேசி, துணைக்குடும்பம் அஜுகாய்டே, முன்பு கிளெரோடெண்டிரம் செர்ராட்டம், வெர்பினேசி, எந்த வகைப்பாட்டின்படி, பெயர் தீர்மானித்தவர் யார், எந்தத் தேதியில். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்த முறை பெயர் மாறும்போது பின்னால் வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.